‘மணி என்ன?’ என்று கேளுங்கள்: அமெரிக்க வட்டார உச்சரிப்பைக் காதால் பிரித்தறிய

‘வாட்டர்’ என்று நடுவில் வரும் டகரத்தை அழுத்தி, தெளிவாகச் சொன்ன பிறகும் எதிரில் இருக்கும் அமெரிக்கர் ஒரு நொடி விழிக்கிறார் என்றால், சிக்கல் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான அமெரிக்கர் வாயில் அந்தச் சொல்லில் டகரமே கிடையாது. நாக்கு நுனி மேல் பல்வரிசைக்குப் பின்னால் உள்ள மேட்டை ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்துவிடும். அந்தத் தட்டல் நமக்குப் புதியதல்ல. மரம், கரை என்று சொல்லும்போது வரும் அதே ரகரம்தான். சொல்லின் கடைசியில் இருப்பதோ ரகரம் இல்லை. நாக்கு எதையும் தொடாமல் வளைந்து நிற்கும் ழகரம். அப்படியானால் அமெரிக்க வாட்டரைத் தமிழில் எழுத வேண்டிய முறை ‘வாரழ்’.

ஆங்கில எழுத்துக்கூட்டை வைத்துக்கொண்டு அமெரிக்க உச்சரிப்பைப் பிடிக்க முயல்வதைவிட, தமிழ் ஒலிகளை அளவுகோலாக வைத்துக்கொள்வது நமக்குப் பல மடங்கு எளிது. இங்கே ‘ர’ என்று எழுதியிருந்தால் நாக்கு தட்டும் ஒலி. ‘ழ’ என்று எழுதியிருந்தால் ஆர் எழுத்துக்கு அமெரிக்கர் தரும் ஒலி. பேச்சில் ழகரத்தை ளகரமாக்கிப் பழகியவர்கள் முதலில் ‘மழை, வாழை’ என்று சொல்லி, நாக்கு அண்ணத்தைத் தொடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டுவிட்டால் கேட்பவருக்கு அது எல் எழுத்தாகிவிடும். அமெரிக்கரிலேயே சிலர் நாக்கு நுனியை மேலே வளைத்தும், சிலர் நுனியைத் தாழ்த்தி நடுநாக்கைத் திரட்டியும் இந்த ஒலியை எழுப்புகிறார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

நாடு முழுக்கப் பொதுவானவை

வட்டாரத்தைப் பிரிக்கும் முன், எங்கு போனாலும் கேட்கும் சிலவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் பொதுவான அமெரிக்க ஒலியை ஏதோ ஓர் ஊரின் பேச்சு என்று எண்ணிவிடுவோம்.

முதலாவது, மேலே சொன்ன தட்டல். டி எழுத்து இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வந்து, அடுத்த அசையில் அழுத்தம் இல்லாதபோது தட்டலாகிவிடும். சிட்டி ‘சிரி’ ஆகும். பெட்டர் ‘பெரழ்’ ஆகும். நடுவில் ழகரம் இருந்தாலும் இதே கதைதான்: பார்ட்டி ‘பாழ்ரி’. இரண்டு சொற்கள் ஒட்டும் இடத்திலும் நடக்கும். ‘கெட் இட்’ என்பது ‘கெரிட்’. அடுத்த அசையில் அழுத்தம் விழுந்தால் தட்டல் வராது. ஹோட்டல் என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால் டகரம் முழுசாகவே வரும்.

இந்த விதி தெரியாததால் அடிக்கடி தவறிப்போவது எண்கள். முப்பது ‘தழ்ரி’, பதின்மூன்று ‘தழ்ட்டீன்’. நாற்பது ‘ஃபோழ்ரி’, பதினான்கு ‘ஃபோழ்ட்டீன்’. தொலைபேசியில் கடைசி ‘ன்’ பல நேரம் காதில் விழாது. ஆகவே அதைத் தேடாதீர்கள். இந்த இணைகளில், நடுவில் தட்டல் கேட்டால் பத்தின் மடங்கு. காற்றோடு வெடிக்கும் டகரம் கேட்டால் பதின்ம எண்.

இரண்டாவது, என் எழுத்துக்குப் பின் வரும் டி மறைந்துபோவது. இருபது ‘ட்வெனி’, இன்டர்நெட் ‘இனழ்நெட்’. அட்லான்டா ஊர்க்காரர்களே அதை ‘அட்லேனா’ என்பதுபோலச் சொல்வார்கள். மூன்றாவது, பட்டன், காட்டன், மவுன்டன் போன்ற சொற்களில் டகரம் இருக்கும் இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்து, நேராக ‘ன்’ வந்துவிடுவது.

நான்காவதுதான் மிக அதிகமாகக் குழப்பத்தைத் தருகிறது: ‘முடியும்’ என்னும் கேன், ‘முடியாது’ என்னும் கேன்ட். அமெரிக்கர் வாயில் இரண்டாவதன் கடைசி டகரம் வெடிக்காது, தொண்டைக்குள் அடைபட்டுவிடும். வேறுபாடு உயிரொலியிலும் அழுத்தத்திலும் இருக்கிறது. ‘என்னால் போக முடியும்’ என்னும்போது கேன் சுருங்கி ‘க்ன்’ ஆகி, அழுத்தம் போவதைக் குறிக்கும் சொல்லில் விழும். ‘முடியாது’ என்னும்போது ‘கேன்’ என்று முழுசாக, அழுத்தமாக வரும். தமிழர்கள் ‘முடியும்’ என்பதை வலியுறுத்திக் ‘கேன்’ என்று அழுத்தினால், கேட்பவர் முடியாது என்று புரிந்துகொண்டு போய்விடுவார். முடியும் என்றால் சுருக்குங்கள். முடியாது என்றால் அழுத்துங்கள். அப்போதும் ஐயம் இருந்தால் ‘கேனாட்’ என்று பிரித்தே சொல்லிவிடுங்கள்.

ஒரே கேள்வியில் பாதி வரைபடம்

வட்டாரத்தை அறிய ஒருவரிடம் ‘இந்தச் சொல்லை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்கக் கூடாது. கேட்டவுடன் அவர் கவனமாகிவிடுவார். நீங்கள் சொன்ன ஒலியை அவரும் திருப்பிச் சொல்லக்கூடும். சொல்லை நீங்கள் உச்சரிக்காமலே அவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்தது இதுதான். விலை உயர்ந்த, நடுத்தர, மலிவான மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், நான்காம் தளத்தில் இருக்கும் பொருள் எங்கே என்று விற்பனையாளர்களைக் கேட்டார். ‘நான்காம் தளம்’ என்ற பதிலில் ஆர் எழுத்து இரண்டு இடத்தில் வரும். காதில் விழாததுபோல் மறுபடி கேட்டு, கவனத்தோடு சொல்லும் இரண்டாம் பதிலையும் பெற்றார். விலை உயர்ந்த கடையில் ஆர் ஒலி அதிகமாகவும் மலிவான கடையில் குறைவாகவும் வந்தது. ஊர் மட்டுமல்ல, சமூக நிலையும் ஒலியில் தெரியும் என்பதற்கு அது இன்றுவரை காட்டப்படும் சான்று.

நமக்கு அங்காடி வேண்டாம். ‘மணி என்ன?’ என்று கேட்டால் போதும். நான்கு, கால், முப்பது, நாற்பது ஆகிய சொற்களில் ஆர் எழுத்து; ஐந்து, ஒன்பது ஆகியவற்றில் ‘ஐ’ ஒலி; பத்தில் ‘எ’வும் னகரமும்; ‘ஓ’க்ளாக்’ என்பதில் ஓர் ஆகாரம்; கடந்தது என்னும் ‘பாஸ்ட்’டில், நாம் பேங்க் என்று சொல்லும்போது வரும் அந்த உயிர். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை கேட்க வாய்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் கிடைத்துவிடும். நேரில் கேட்க முடியாதவர்கள் உள்ளூர் வானொலி நிகழ்ச்சிகள், நகரசபைக் கூட்டப் பதிவுகள் போன்றவற்றில் பொதுமக்கள் பேசும் பகுதியைத் தேடிக் கேட்கலாம். செய்தி வாசிப்பவர்களின் ஒலி வட்டாரம் தெரியாதபடி பயிற்சியால் சமன் செய்யப்பட்டிருக்கும். திரைப்படங்களில் வரும் தென்மாநிலப் பேச்சும் பாஸ்டன் பேச்சும் பல நேரம் நடிகரின் முயற்சியே. அவற்றை வைத்துப் பழகினால் காது தவறாகப் படிந்துவிடும்.

முப்பது நொடிப் பதிவு ஒன்றை எடுத்து, ஒருமுறைக்கு ஓர் ஒலியை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை ழகரம் மட்டும், அடுத்த தடவை ‘ஐ’ மட்டும் என்று போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலோர் ‘எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

ழகரம் இருக்கிறதா?

முதல் வடிகட்டி இது. நான்கு என்பது ‘ஃபோழ்’ என்று வந்தால் நாட்டின் பெரும்பகுதி இன்னும் உங்கள் முன்னால் இருக்கிறது. ‘ஃபோஅ’ என்று ழகரம் இல்லாமல் வந்தால் வட்டம் சட்டென்று சுருங்கிவிடும்: பாஸ்டனைச் சுற்றிய கிழக்கு நியூ இங்கிலாந்து, நியூயார்க் நகரம், தென்மாநிலங்களின் பழைய பெருந்தோட்டப் பகுதிகளில் வாழும் வயதானவர்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்.

பாஸ்டனையும் நியூயார்க்கையும் பிரிக்க ‘கார்’ போதும். பாஸ்டன்காரர் அதை நம் ‘கா’வுக்கு மிக அருகில், வாயின் முன்பக்கம் சொல்வார். நியூயார்க்கர் நாக்கைப் பின்னுக்கிழுத்து, உதட்டைச் சற்றுக் குவித்துச் சொல்வார். இன்னும் ஐயம் என்றால் காபியைக் கேளுங்கள்: நியூயார்க்கில் அது ‘கோஅஃபி’ என்று மேலேறி நீளும். இரு ஊரிலும் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் மறைந்த ழகரம் திரும்பி வரும். எழுத்தில் இல்லாத இடத்தில்கூட வரும். ‘ஐடியா’வுக்குப் பின் உயிர் வந்தால் ‘ஐடியழ்’ என்று ஒட்டும். பழைய தென்மாநிலப் பேச்சில் இந்த ஒட்டல் பொதுவாக இல்லை.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். சிகாகோவில் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் ழகரம் இல்லாமல் பேசினால் அவரை நியூயார்க்கர் என்று கணிக்கக் கூடாது. 20ஆம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் தெற்கிலிருந்து சிகாகோ, டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. தெற்கின் ஒலிகள் பலவும் அவர்களோடு வந்து, தனக்கே உரிய ஒழுங்கான இலக்கணமும் உச்சரிப்பும் உடைய பேச்சாக நிலைத்தன. அதைத் தவறான ஆங்கிலம் என்று நினைப்பவருக்கு அது எப்போதுமே புரியப்போவதில்லை.

‘ஐ’ உடைகிறதா, நீள்கிறதா?

ஐந்து மணி ‘ஃபைவ்’ என்று வராமல் ‘ஃபாவ்’ என்றும், என்னுடைய என்னும் ‘மை’ வெறும் ‘மா’ என்றும் வந்தால் தெற்கு. இதிலேயே இன்னொரு நுட்பம் இருக்கிறது. சவாரி என்னும் ரைட், ஒன்பது என்னும் நைன் போன்றவற்றில் ஐகாரம் ஆகாரமாவது தெற்கு முழுக்கப் பரவலாகக் கேட்கும். ஆனால் அரிசி என்னும் ரைஸ், இரவு என்னும் நைட் போல, தொண்டை அதிராத மெய்யொலியில் முடியும் சொற்களிலும் ‘ராஸ்’, ‘நாட்’ என்று வந்தால், பேசுபவர் அப்பலாச்சிய மலைப்பகுதியிலிருந்தோ டெக்சாஸின் சில பகுதிகளிலிருந்தோ வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கூடவே பத்து மணியைக் கவனியுங்கள். தெற்கில் னகர மகரங்களுக்கு முன் எகரமும் இகரமும் ஒன்றாகிவிடும்: பத்து என்னும் டென், தகரம் என்னும் டின், இரண்டும் ‘டின்’. பேனாவும் குண்டூசியும் ஒரே ஒலி. அதனால்தான் அங்கே ‘மைப் பேனா’ என்று அடைமொழி சேர்த்துக் கேட்பார்கள். மற்ற மெய்களுக்கு முன் இந்த ஒன்றிப்பு நடக்காது; செல்லப்பிராணி என்னும் பெட், குழி என்னும் பிட் இரண்டும் வேறாகவே இருக்கும். இந்த ஒலி கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் கேட்டால் குழம்பாதீர்கள். 1930களின் வறட்சியிலும் பஞ்சத்திலும் ஓக்லஹோமாவிலிருந்து அங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்தது அது.

க்ளாக், வாக்: இயைபு உண்டா?

தமிழ் எழுத்தில் கடிகாரத்தின் க்ளாக்கும் நடையின் வாக்கும் ஒரே ஆகாரம்தான். மேற்கு மாநிலங்கள் முழுக்க, பிட்ஸ்பர்க் சுற்றிலும், பாஸ்டனிலும் அப்படித்தான். இரண்டும் இயைந்து ஒலிக்கும். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், பேரேரிகளின் கரை நகரங்கள், தெற்கின் பெரும்பகுதி ஆகியவற்றில் வாக் என்னும்போது உதடு குவியும். பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ராவிடன்ஸ் ழகரத்தை விடுவதில் பாஸ்டனோடு சேர்ந்தாலும் இந்த விஷயத்தில் சேராது. காதால் பிடிக்கச் சிரமமாக இருந்தால் பேசுபவர் உதட்டைப் பாருங்கள். பழகும்வரை கண் காதைவிடச் சரியாகச் சொல்லும்.

சிகாகோ, டெட்ராய்ட், க்ளீவ்லாண்ட், பஃபலோ, ராச்செஸ்டர் ஆகிய ஊர்கள் நூற்றுக்கணக்கான மைல்கள் விலகியிருந்தும் ஒரே குடும்பமாகப் பேசுவதன் பின்னணி வரலாற்றில் இருக்கிறது. 1825இல் ஈரி கால்வாய் திறந்தபின் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலிருந்து ஏரிக்கரை வழியாக மக்கள் மேற்கே நகர்ந்தார்கள். பேச்சும் கூடவே போனது. அங்கே ‘பாஸ்ட்’டில் வரும் பேங்க் உயிர் மேலேறி ‘பியஸ்ட்’ போல ஆகும். காலியான அந்த இடத்தை நோக்கி ஆகாரம் முன்னால் நகரும். ‘ஓ’க்ளாக்’ என்பது ‘ஓ’க்ளேக்’ போலவும், தெருத் தொகுதி என்னும் ப்ளாக் கறுப்பு என்னும் ப்ளேக் போலவும் காதில் விழும். வழி கேட்கும்போது இது நிஜமாகவே தடுமாற வைக்கும். இளைய தலைமுறையிடம் இந்த நகர்வு பின்வாங்கிவருகிறது. ஆகவே ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் தேடினால் தெளிவாகக் கிடைக்கும்.

மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் போனால் நமக்கு ஓர் இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. மற்ற இடங்களில் ‘ஓ’ என்பது ‘ஓவ்’ என்று உகரத்தில் வழுக்கி முடியும். இங்கே, முக்கியமாக மூத்தவர்கள் பேச்சில், அது நம் ஓடம், ஓலை என்பதில் வருவதுபோல நேராக நின்று ஒலிக்கும். பை என்னும் பேக் இங்கே ‘பெய்க்’ போல வரும்.

தனி ஊர்களின் அடையாளங்களை நீளமாக விவரிக்க வேண்டியதில்லை, கேட்டவுடன் பிடிபடும். ஃபிலடெல்ஃபியாவில் தண்ணீர் ‘வுரழ்’. பிட்ஸ்பர்க்கில் நகர மையம் ‘டான்டான்’, வீடு ‘ஹாஸ்’. செயின்ட் லூயிஸின் மூத்தவர்களிடம் நாற்பது ‘ஃபாழ்ரி’. நியூ ஆர்லியன்ஸின் உழைக்கும் வர்க்கத்துப் பேச்சு நியூயார்க்கை ஒத்திருப்பதால் அங்கே ஒலியை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

ஓர் ஒலியை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிடாதீர்கள். குறைந்தது மூன்று அடையாளங்கள் ஒரே திசையைக் காட்டட்டும். ழகரம் உண்டு, ‘ஃபாவ்’ உண்டு, ‘டின்’ உண்டு என்றால் தெற்கு என்று துணிந்து சொல்லலாம். ‘டின்’ மட்டும் இருந்தால் தெற்கு இண்டியானாவாகவும் இருக்கலாம், பேக்கர்ஸ்ஃபீல்டாகவும் இருக்கலாம்.

ஊர்ப்பெயர்களில் உள்ளூரார் சொல்வதே சட்டம்

ஆர்க்கன்சா மாநிலத்தில் இது சொல்லுக்குச் சொல் உண்மை: கடைசி எஸ் ஒலிக்காது என்று 1881இல் அதன் சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அதே பெயருள்ள ஆற்றைக் கேன்சஸ்காரர்கள் பலர் ‘ஆழ்கேன்சஸ்’ என்பார்கள். டெக்சாஸ் நகரம் ஹ்யூஸ்டன்; அதே எழுத்துள்ள நியூயார்க் தெரு ஹவுஸ்டன். மாசச்சூசெட்ஸில் வொர்செஸ்டர் என்று எழுதப்படும் ஊரை எழுத்துக்கூட்டிப் படித்தால் யாருக்கும் புரியாது. ‘வுஸ்ட’ என்று முடித்துவிடுங்கள். கென்டக்கியின் லூயிவில் உள்ளூரில் ‘லூவல்’. இலினாயின் கடைசி எஸ்ஸும் ஒலிக்காது. அந்த மாநிலத்தில் கெய்ரோ என்று எழுதப்படும் ஊர் ‘கேரோ’. கென்டக்கியில் வெர்சாய் என்று எழுதப்படும் ஊர் ‘வழ்சேல்ஸ்’. நெவாடாவின் நடு அசையில் ஆகாரம் வைத்தால் அந்த மாநிலத்தார் திருத்தாமல் விடமாட்டார்கள். பேங்க் உயிரை வையுங்கள். தென்மேற்கில் ஸ்பானியப் பெயர்களுக்கு ஸ்பானிய ஒலியே பெரும்பாலும் நிற்கும்: சான் ஹோசே, லா ஹோயா. புதிய ஊருக்குப் போகும் முன் உள்ளூர் வானொலியின் வானிலை அறிவிப்பை ஐந்து நிமிடம் கேட்டால் சுற்றுவட்டாரப் பெயர்கள் எல்லாம் சரியான ஒலியோடு கிடைத்துவிடும்.

உங்கள் வாயில் எதை ஏற்றுவது?

வட்டார ஒலி எதையும் போலச் செய்ய வேண்டாம். பாஸ்டன்காரரிடம் பாஸ்டன் பேச்சைப் பேசிக் காட்டுவது மரியாதையாக இருக்காது. பாதி ஒலி மட்டும் மாறுவதால் பேச்சும் கேட்பவருக்குக் கூடுதல் சிரமம் தரும். ஏற்ற வேண்டியவை நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒலிகள் மட்டுமே: தட்டல், ழகரம், சுருங்கும் ‘க்ன்’.

அவற்றோடு தமிழரின் பேச்சில் கவனிக்க வேண்டியவை மூன்று. சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஒலிகளை நாம் மூச்சு விடாமல் சொல்கிறோம். அமெரிக்கக் காதுக்கு அது தம்பி, வண்டி, தங்கம் என்பவற்றில் வருவதுபோன்ற மெல்லொலியாகக் கேட்கும். பேரிக்காய் என்னும் ‘பேழ்’ கரடியாகிவிடும். மெல்லிய தாள் ஒன்றை வாய்க்கு முன் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். தாள் அசைய வேண்டும். ‘ஸ்பின்’ போல ஸகரத்துக்குப் பின் வந்தால் அசையக் கூடாது.

அடுத்தது வீ, டபிள்யூ. நம் வகரம் இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறது. மேல் பல் கீழ் உதட்டைத் தொட்டு அதிர்ந்தால் முதலாவது. பல் எங்கும் படாமல் உதடு ஊதுவதுபோலக் குவிந்தால் இரண்டாவது. கண்ணாடி முன் நின்று பழகினால் ஒரு வாரத்தில் பிரிந்துவிடும்.

கடைசியாக, சொல் முடிவில் நாம் சேர்த்துவிடும் உகரம். புக் ‘புக்கு’ ஆனால் ஒரு அசை கூடிவிடுகிறது. கேட்பவர் அங்கே வேறொரு சொல்லைத் தேடத் தொடங்கிவிடுவார். ‘மணி என்ன?’ என்று ஆங்கிலத்தில் கேட்கும்போதே இதைச் சோதித்துக்கொள்ளலாம்: டைம் என்பது ‘டைமு’ ஆகாமல், உதடு மூடியபடியே நிற்க வேண்டும்.